அச்சும் இணையும்

எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி சென்ற மாதம் ஒரு கணக்கோடு வந்தாள். 3 எக்ஸ் − 4 ஒய் + 7 = 0 என்ற நேர்கோட்டுக்கு இணையாக, (2, 5) என்ற புள்ளி வழியே செல்லும் நேர்கோட்டின் சமன்பாட்டைக் காண்க. நான் பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு மணப்பாறையில் வங்கிக் குமாஸ்தாவாக இருப்பவன். இருந்தாலும் இந்தக் கணக்கு மறந்துபோகிற ஜாதியல்ல. இணையான கோட்டில் எக்ஸின் கெழுவும் ஒய்யின் கெழுவும் அப்படியே இருக்கும். மாறிலி மட்டும் மாறும். ஆகவே 3 எக்ஸ் − 4 ஒய் + கே = 0 என்று எழுதி, எக்ஸுக்கு 2, ஒய்க்கு 5 போட்டால் 6 − 20 + கே = 0. கே என்பது 14. விடை 3 எக்ஸ் − 4 ஒய் + 14 = 0. மூன்றே வரி.

அவள் எழுதிக்கொண்டு, "வேற கோடு எதுவும் வராதா மாமா?" என்று கேட்டாள். வராது என்றேன். "ஏன்?" என்றாள். கே-க்கு ஒரே மதிப்புதானே வருகிறது, அதனால் என்றேன். அவள் திருப்தியோடு போய்விட்டாள். எனக்குத்தான் திருப்தியில்லை. நான் சொன்னது பதில் அல்ல. கேள்வியையே வேறு வார்த்தைகளில் திருப்பிக் கொடுத்திருந்தேன்.

'சமன்பாட்டைக் காண்க' என்று ஒருமையில் கேட்கும்போதே அப்படி ஒரு கோடுதான் உண்டு என்பதைக் கேள்வித்தாள் எடுத்துக்கொண்டுவிடுகிறது. ஒரு புள்ளி வழியே, கொடுத்த கோட்டுக்கு இணையாக, ஒரே ஒரு கோடுதான் செல்ல முடியும்: 1795இல் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ப்ளேஃபேர் தமது யூக்ளிட் பதிப்பில் எழுதிவைத்த வடிவம் இது. அதன் மூலம் யூக்ளிடின் ஐந்தாவது எடுகோள். கி.மு. 300ஐ ஒட்டி எழுதப்பட்ட அந்த நூலின் முதல் நான்கு எடுகோள்களும் ஆளுக்கு ஒரு வரியில் அடங்குபவை. ஐந்தாவது மட்டும் நீளமானது. ஒரு தேற்றத்தின் சாயல் கொண்டது. யூக்ளிடுக்கே அதன் மேல் ஒரு தயக்கம் இருந்திருக்கும் போலும். முதற் பாகத்தின் 28 முடிவுகளை அதைத் தொடாமல் நிறுவிவிட்டு, 29ஆவதில்தான் அதைக் கையில் எடுக்கிறார். இதை ஏன் நம்ப வேண்டும், மற்ற நான்கிலிருந்தே நிறுவிவிட முடியாதா என்று இரண்டாயிரம் வருஷங்கள் கேட்கப்பட்டன. அந்த விசாரணையின் சுவடுகூட இல்லாமல் மூன்று வரியில் விடை வந்துவிடுகிறது. சமன்பாட்டின் பலமும் ஏமாற்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

இணை என்றால் என்ன என்பதிலேயே தகராறு ஆரம்பிக்கிறது. இருபுறமும் எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காதவை என்பது யூக்ளிடின் வரையறை. இது ஒரு எதிர்மறை. முடிவற்ற தூரம் போய்ப் பார்த்தாலொழிய சோதிக்க முடியாதது. கி.மு. முதல் நூற்றாண்டின் பொசிடோனியஸ், எங்கும் ஒரே இடைவெளி உள்ள கோடுகளே இணையானவை என்று சொன்னதாகப் பின்னால் வந்த ப்ரோக்ளஸ் தமது உரையில் குறிப்பிடுகிறார். மூன்றாவதாக, ஒரே திசை கொண்டவை என்று ஒரு வரையறை. பள்ளிக்கூடத்துச் சமன்பாடு பின்பற்றுவது இதைத்தான்.

தமிழில் இந்தத் தகராறு இரண்டு சொற்களாக இரண்டு கரைகளில் உட்கார்ந்திருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் இவை சமாந்தரக் கோடுகள். சமம், அந்தரம்: ஒத்த இடைவெளி. அதாவது பொசிடோனியஸின் கட்சி. தமிழ்நாட்டில் இணைகோடுகள். இணை என்றால் ஜோடி, நிகர். வினையாக வந்தால் சேர்தல். ஒருபோதும் சேராத கோடுகளுக்குச் சேர்தல் என்ற பொருளுள்ள சொல்லையே நாம் வைத்திருக்கிறோம். 1875இல் திருச்சியையும் மதுரையையும் இணைத்த ரயில் பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. ஸ்டேஷன் நடைபாலத்தில் நின்று திண்டுக்கல் பக்கம் பார்த்தால் தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றுசேர்வது போலத்தான் தெரியும். 1639இல் பிரெஞ்சுக்காரரான தெசார்க் அந்தக் கண்ணின் சாட்சியத்தையே கணிதமாக்கினார். இணைகோடுகள் முடிவிலியில் உள்ள ஒரு புள்ளியில் சந்திக்கின்றன என்று வைத்துக்கொண்டால் ஒரு புதிய வடிவியல் பிறக்கிறது. நம் சொல் அதை முன்கூட்டி அறிந்திருந்தது என்று பெருமை கொண்டாட வேண்டியதில்லை. ஒரு சொல் தற்செயலாகவும் சரியாக இருக்கக்கூடும், அவ்வளவுதான்.

சம இடைவெளிக் கட்சிக்கு மணப்பாறையில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. மாட்டுக்குப் பெயர்போன இந்த ஊரில் கட்டைவண்டிகள் அருகிவிட்டாலும் மழை பெய்து காய்ந்த மண்பாதையில் இன்னும் எப்போதாவது இரட்டைத் தடம் தெரியும். இரண்டு சக்கரங்களையும் ஒரே இடைவெளியில் பிடித்து வைத்திருப்பது அச்சு. அச்சு முறியாத வரை தடங்கள் நெருங்கவும் மாட்டா, விலகவும் மாட்டா. பதினோராம் நூற்றாண்டில் கெய்ரோவில் இருந்த இப்னு அல் ஹைதம் ஐந்தாவது எடுகோளுக்குத் தந்த நிரூபணம் ஏறக்குறைய இந்த வண்டிதான். ஒரு கோட்டின் மேல் செங்குத்தாக ஒரு துண்டை நிறுத்தி, அதன் அடி கோட்டைவிட்டு விலகாமல் நகர்த்தினால், அதன் நுனி வரைந்து செல்வது இன்னொரு நேர்கோடு என்றார் அவர்.

இதை மறுத்தவர் உமர் கய்யாம். கவிமணியின் தமிழில் நாம் அறிந்த அதே கய்யாம். யூக்ளிடின் எடுகோள்களில் உள்ள இடர்ப்பாடுகளை விளக்கி 1077இல் அவர் ஒரு நூல் எழுதினார். வடிவியலில் அசைவுக்கு என்ன வேலை என்பது அவருடைய ஆட்சேபம். கோடு எப்படி நகரும்? நகரும்போது செங்குத்தாகவே நிற்கிறது என்பதற்கும், நுனி நேராகத்தான் போகிறது என்பதற்கும் யார் ஜாமீன்? ஆட்சேபம் நியாயமானது. வண்டி வளைவில் திரும்பும்போதும் தடங்களுக்கிடையே இடைவெளி மாறுவதில்லை. ஆனால் தடங்கள் நேராக இல்லை. ரயில் பாதை வளையும் இடத்திலும் இதே கதை. சம இடைவெளி இருந்தால் போதாது. நேராகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கும் என்பதுதான் நிரூபிக்கப்பட வேண்டியது. 1574இல் யூக்ளிடைப் பதிப்பித்த ஏசுசபைப் பாதிரியார் கிளாவியஸும் இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டினார். கய்யாமும் தம் பங்குக்கு ஒரு நிரூபணம் தந்தார். அதிலும் கேட்கப்பட்ட கடன் வேறு பெயரில் உள்ளே வந்திருந்தது.

இங்கேதான் சமன்பாட்டின் வரலாறு குறுக்கிடுகிறது. 1637இல் வெளிவந்த தெகார்த்தின் நூலில் நம் பள்ளிக்கூடத்து ஒய் ஈக்வல் டு எம் எக்ஸ் ப்ளஸ் சி கிடையாது. அவருடைய அக்கறை வளைகோடுகளில். முதற்படிச் சமன்பாடு நேர்கோட்டைக் குறிக்கும் என்று ஃபெர்மா அதே காலத்தில் எழுதியது, அவர் இறந்த பிறகு 1679இல்தான் அச்சேறியது. நேர்கோட்டைத் தனி அத்தியாயமாக்கி, இணைக்கு இது நிபந்தனை, செங்குத்துக்கு இது நிபந்தனை என்று வகுத்துவைத்தவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மோன்ஜும், பாடநூல் எழுதிய லக்ருவாவும். சாய்வுக்கு எம் என்ற எழுத்து 1840களில் ஆங்கிலப் பாடநூல்களில் காணக்கிடைக்கிறது. ஏறுதலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்து அது, தெகார்த் வைத்தது என்று வகுப்பறைகளில் சொல்லப்படும் கதைக்கு ஆதாரம் இல்லை. 1895இல் வந்த லோனியின் நூல் வழியாக இந்த அத்தியாயம் நம் கல்லூரிகளில் பல தலைமுறைகள் ஓதப்பட்டது. பிறகு தமிழுக்கு வந்தது. இங்கே சாய்வு, ஆயத்தொலை. இலங்கையில் படித்திறன், ஆள்கூறு.

எம் சமமானால் கோடுகள் இணை. எம் என்பது என்ன? ரயில் பாதையோரம் எண் எழுதிய ஒரு கம்பம் நிற்கும். 200 என்றால், 200 அடி போனால் ஓர் அடி ஏற்றம் அல்லது இறக்கம். ஏற்றத்தைக் கிடைத்தூரத்தால் வகுத்தால் வருவது எம். நம் கணக்கில் அது நாலுக்கு மூன்று. நாலு போனால் மூன்று ஏறும்; எட்டு போனால் ஆறு. கோட்டின் எந்த இடத்தில் அளந்தாலும் இதே விகிதம் வரும் என்பதால்தான் அதை ஓர் எண்ணாக எழுத முடிகிறது. ஏன் அதே விகிதம் வர வேண்டும்? சிறு முக்கோணமும் பெரு முக்கோணமும் வடிவொத்தவை என்பதால். வடிவம் கெடாமல் ஒரு முக்கோணத்தைப் பெரிதாக்க முடியும் என்பதை யார் சொன்னது? 1663இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் வாலிஸ் காட்டியது இதைத்தான். அளவு மாறினாலும் வடிவம் மாறாத முக்கோணங்கள் உண்டு என்று ஒப்புக்கொண்டால், ஐந்தாவது எடுகோளை ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர் அதை நிரூபணம் என்று நினைத்தார். இன்று பார்க்கும்போது, ஒரு கடனை இன்னொரு கடனாக மாற்றி எழுதியதுதான் நடந்தது. வங்கியில் இருப்பவனுக்கு இது புரிவதில் சிரமம் இல்லை. பழைய கணக்கை முடித்துப் புதுக் கணக்கு திறந்தால் கடன் அடைந்ததாகாது.

ஆக, எம் என்று எழுதும்போதே ஐந்தாவது எடுகோளை எழுதிவிடுகிறோம். நாம் வரைந்த இரண்டு கோடுகளுக்கிடையே உள்ள தூரத்தைக் கணக்கிட்டாலும் இதே நிலைதான். 14க்கும் 7க்கும் வித்தியாசம் 7. அதை, மூன்றின் வர்க்கமும் நாலின் வர்க்கமும் கூட்டிய 25இன் வர்க்கமூலமான ஐந்தால் வகுத்தால் 1.4. ஒய் அச்சின் மேல் அளந்தால் கோடுகளின் இடைவெளி 1.75, உண்மைத் தூரம் 1.4. அச்சுகளைத் திருப்பி வைத்தால் எம் மாறும், சி மாறும், 1.75 மாறும், 1.4 மாறாது. பார்வைக் கோணத்தால் மாறாத ஒன்றைப் பிடித்துவிட்டோம் என்று தோன்றும். ஆனால் அந்த வர்க்கமூலம் பித்தகோரஸ். பித்தகோரஸ் தேற்றமும் ஐந்தாவது எடுகோளும் ஒரே சொத்துக்கு இரண்டு பத்திரங்கள். வண்டித் தடங்களைப் பிடித்து வைத்திருந்தது போலவே, இங்கும் அச்சு என்ற பெயரிலேயே ஒன்று எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது. கட்டம் போட்ட தாளை எடுத்த மாத்திரத்தில் இணையைப் பற்றிய விசாரணை முடிந்துபோகிறது. தாள் தட்டையானது.

தட்டை அல்லாத தாளும் உண்டா? 1733இல் மிலானில் சக்கேரி என்ற இன்னொரு ஏசுசபைப் பாதிரியார், ஐந்தாவது எடுகோள் பொய் என்று வைத்துக்கொண்டு முரண்பாட்டைத் தேடிப் போனார். பக்கம் பக்கமாக விசித்திரமான முடிவுகள் வந்தன, முரண்பாடு வரவில்லை. கடைசியில், இது நேர்கோட்டின் இயல்புக்கே அருவருப்பானது என்ற மாதிரி ஒரு தீர்ப்பை எழுதிப் புத்தகத்தை மூடினார். கண்டுபிடித்ததைக் காண மறுத்தவரின் சோகம் அது. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 1829இல் ரஷ்யாவின் கசானில் லோபசெவ்ஸ்கியும் 1832இல் ஹங்கேரியின் போயாயும் அதே வழியில் போய், அருவருப்படையாமல் அங்கேயே நின்றார்கள். அவர்கள் தளத்தில் ஒரு புள்ளி வழியே, கொடுத்த கோட்டைச் சந்திக்காத கோடுகள் எண்ணற்றவை. வடிவம் மாறாமல் முக்கோணத்தைப் பெரிதாக்க முடியாது. நேர்கோட்டிலிருந்து சம இடைவெளியில் செல்லும் தடம் நேர்கோடாக இராது. கய்யாமின் சந்தேகம் அங்கே பலித்துவிடுகிறது. இந்த வடிவியலில் உள்முரண் இருந்தால் யூக்ளிடிலும் இருக்கும் என்று 1868இல் பெல்ட்ராமி காட்டியதோடு பழைய வழக்கு முடிந்தது. ஐந்தாவது எடுகோள் நிரூபிக்கக் கூடியதல்ல. ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். எங்கள் தெருப் பெண் கேட்டாளே, வேறு கோடு வராதா என்று. வரும் என்பதும் ஒரு சரியான பதில்தான்.

இதெல்லாம் ஐரோப்பியத் தாளில் நடந்த விஷயம் என்று தோன்றலாம். நம் மண்ணிலேயே தட்டைத் தாள் தோற்றிருக்கிறது. 1802இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய லாம்ப்டனின் நில அளவை, தமிழ்நாடு முழுவதும் முக்கோணங்களைப் பரப்பிக்கொண்டு வந்தது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது, அரை டன் எடையுள்ள கோணமானி கயிறு அறுந்து மோதி நசுங்கியதையும் லாம்ப்டன் தாமே அதைச் செப்பனிட்டதையும் பலர் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கருவியின் நுட்பம் எதற்குத் தேவைப்பட்டது என்பதுதான் முக்கியம். பூமி உருண்டை, ஆகவே அதன் மேல் வரைந்த முக்கோணத்தின் கோணங்கள் 180 பாகைக்கு மேல் வரும். சுமார் 197 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு விகலை மிகை. பக்கத்துக்கு 50 கிலோமீட்டர் உள்ள முக்கோணமானால் ஐந்தரை விகலை. அதைக் கணக்கில் கழித்தாக வேண்டும். திருச்சியிலிருந்து ஒருவரும் தஞ்சாவூரிலிருந்து ஒருவரும் நேர் வடக்கே புறப்பட்டால், இங்கே சுமார் 48 கிலோமீட்டராக இருக்கும் கிழக்கு மேற்கு இடைவெளி டில்லியின் அட்சரேகையில் 43 ஆகிவிடும். இருவரும் வடக்கு என்ற ஒரே திசையை விடவேயில்லை.

அப்படியானால் வளைந்த பரப்பில் இணை என்ற பேச்சுக்கே இடமில்லையா? உண்டு. 1917இல் இத்தாலியின் லெவி-சிவிதா ஒரு வழி சொன்னார். கையில் ஓர் அம்பை வைத்துக்கொண்டு, அதை எந்தப் பக்கமும் திருப்பாமல், ஒரு பாதை வழியே எடுத்துச் செல்ல வேண்டும். சேரும் இடத்தில் அம்பு காட்டும் திசை, புறப்பட்ட இடத்துத் திசைக்கு இணை. ஆனால் ஒரு நிபந்தனை: வேறு பாதையில் போனால் வேறு திசை கிடைக்கும். எதற்கு எது இணை என்பது எந்த வழியாக வந்தோம் என்பதைப் பொறுத்தது. பாரிஸில் எலி கார்த்தான் இதை விரிவாக்கிய கருவிக்குத் தமிழில் 'இணைப்பு' என்றுதான் பெயர் வைக்க முடியும். நம் சொல்லின் இரண்டு அர்த்தங்களும் அதில் வந்து சேர்கின்றன. கார்த்தானிடம் ஆராய்ச்சி செய்து 1934இல் பட்டம் பெற்ற சார்ல்ஸ் ரசீன் 1937இல் திருச்சி வளனார் கல்லூரிக்குக் கணிதம் கற்பிக்க வந்தார். கிளாவியஸ், சக்கேரி போல இவரும் ஏசுசபைப் பாதிரியார். இரண்டு வருஷத்தில் சென்னை லயோலாவுக்குப் போய்விட்டார், எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் அங்கே அவரிடம் படித்தவர்கள். ஐரோப்பாவில் சூடாறாதிருந்த ஒரு சிந்தனையை நேரில் அறிந்தவர், மலைக்கோட்டை நிழலில் இரண்டு வருஷம் வகுப்பெடுத்திருக்கிறார் என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. வண்டிகள் சில சமயம் இந்த வழியாகவும் போயிருக்கின்றன.

இலக்கியப் பத்திரிகையில் இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் விமர்சனத்தில் 'இணை' என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. இவர் காஃப்காவுக்கு இணை, அந்த இயக்கத்துக்கு இணையாக இங்கே ஒன்று என்கிறோம். எம் சமம், சி மட்டும் வேறு. அவர்களுடைய மாறிலியை நீக்கி நம்முடையதைப் போட்டால் விடை. இதில் ஒப்பிடப்படுபவர்களைப் பற்றிய தீர்ப்பு மட்டும் இல்லை. இருவரும் ஒரே தட்டைத் தாளின் மேல், ஒரே அச்சுகளுக்குள் கிடக்கிறார்கள் என்ற ஜாமீனும் இருக்கிறது. அந்த ஜாமீனில் நாம் கையெழுத்துப் போட்டதே நமக்குத் தெரிவதில்லை.

பரப்பு வளைந்தது என்று ஒப்புக்கொண்டால் ஒப்பீடு நின்றுவிடாது. வழியைச் சொல்லியாக வேண்டும் என்பது மட்டும் கூடுதல் பொறுப்பு. நம்மில் பலருக்குக் காஃப்கா ஜெர்மனிலிருந்து வரவில்லை. 1930 முதல் ம்யூர் தம்பதியர் செய்த ஆங்கிலத்தின் வழியே வந்தார். கய்யாம் பாரசீகத்திலிருந்து நேரே நாஞ்சில் நாட்டுக்கு வரவில்லை. 1859இல் ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலத்தில் இறங்கி, அங்கே திரும்பி, பிறகு கவிமணியிடம் வந்தார். அம்பு அந்தத் திருப்பங்களில் எவ்வளவு திரும்பியது என்று நாம் அளந்ததில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். அந்த வழியில் மதுக்கிண்ணம் வந்தது. நகரும் கோட்டுக்கு யார் ஜாமீன் என்று கேட்ட மனிதர் வரவில்லை. இரண்டையும் எழுதியது ஒரே கை. இந்தப் பாதியைச் சேர்க்காமல் அவருக்கு இங்கே யாரை இணை வைப்பது?

அந்தப் பெண் போன வாரம் மறுபடி வந்தாள், வேறு கணக்கோடு. முதல் கணக்குக்கு நான் சொன்ன பதில் பாதிதான் என்றேன். இந்தத் தாள் தட்டை என்று வைத்துக்கொண்டால்தான் கோடு ஒன்று. விடைக்கு மேலே அதை ஒரு வரி எழுதியிருக்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரீட்சையில எழுதலாமா மாமா?"

வேண்டாம் என்றேன். மார்க் போய்விடும்.